தலைக்கட்டும் தனிக்கட்டையும்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையே அமைந்திருக்கும் மறைமலை நகர், தானாக வளர்ந்த ஊரன்று; திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர். தலைநகரின் நெரிசலைக் குறைக்கவென வகுக்கப்பட்ட இத்துணைநகரத்திற்குத் தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளின் (1876–1950) பெயர் சூட்டப்பட்டது. நாகப்பட்டினத்தில் பிறந்த அடிகளார் 1911இல் துறவு பூண்டார். பூண்ட பின்னரும் மனைவி மக்களோடு பல்லாவரத்திலேயே வாழ்ந்தார். துறவியாயிருந்தும் குடும்பத்தோடு வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய இவ்வூரிலும், இதனைச் சூழ்ந்து ஒரகடம், வல்லம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என நீளும் தொழில் வட்டாரத்திலும், துறவு பூணாமலே குடும்பத்தைப் பிரிந்து வாழும் இளைஞரும் இளம்பெண்களும் இன்று பல்லாயிரவர்.

இவ்வட்டாரத்துத் தெருக்களில் நடப்போர் 'வீடு வாடகைக்கு: குடும்பத்தினர்க்கு மட்டும்' என்ற அட்டையைக் காணாமல் திரும்புவது அரிது. அந்த அட்டையைக் கடந்து சென்று, ஓர் அறையில் அறுவராகவும் எண்மராகவும் தங்குகிறவர்களே இங்குள்ள ஆலைகளை இயக்குகிறார்கள்.

மணவாழ்வு தள்ளிப்போவதும், மணமான குடும்பங்களின் விகிதம் குறைந்து தனித்து வாழ்வோர் பெருகுவதும் மேலை நாட்டிலிருந்து நமக்குத் தொற்றிய நோய் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இக்கூற்று வரலாற்றின்முன் நிற்குமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தனித்து வாழ்தல் முஸ்லிம் நகரங்களுக்குப் புதியதன்று. தனித்து வாழ்வோர்க்கு இடம் தந்தது யார், எந்த நிபந்தனையின் பேரில் தந்தார்கள் என்பதே காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில்தான் நமது பொறுப்பும் மறைந்து கிடக்கிறது.

கணக்கில் அகப்படாத தனிமை

உலகளவில் இப்போக்கு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1960இல் மொத்த வீடுகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 28 விழுக்காட்டை எட்டியது. ஜப்பானில் 2020இல் 38 விழுக்காடு. சுவீடனில் 40 விழுக்காட்டையும் தாண்டிவிட்டது.

தமிழகத்தின் நிலை வேறு. இங்கே குடும்பம் சுருங்கியிருக்கிறது. தனி வீடுகள் இன்னும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தின் மக்கள் 7.21 கோடி, குடும்பங்கள் ஏறத்தாழ 1.85 கோடி. அதாவது சராசரிக் குடும்பத்தின் அளவு நால்வருக்கும் குறைவு. அதே ஆண்டில் இந்தியச் சராசரி ஐவரை ஒட்டி இருந்தது.

ஆயினும் தொழில் வட்டாரத்துத் தனிமை இந்தக் கணக்குகளில் சரியாக அகப்படுவதில்லை. அதற்குக் காரணம் கணக்கெடுப்பின் இலக்கணமே. ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்பது மக்கள்தொகைக் கணக்கின் வரையறை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் சேர்ந்து சமைத்துண்ணும் ஆறு இளைஞர்கள் அந்த வரையறையின்படி ஒரு குடும்பம். விடுதியில் பொது உணவு உண்ணும் பெண்களோ 'நிறுவனக் குடும்பம்' என்னும் தனிப்பிரிவில், சிறைச்சாலை, ஆசிரமம், அநாதை இல்லம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறார்கள். இவ்விரு சாராருமே 'ஒருவர் வாழும் வீடு' என்ற எண்ணிக்கையில் சேர்வதில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதிலும் இதே வரையறை நீடிக்குமாயின் இம்மக்களின் தனிமை மீண்டும் மறைந்தே கிடக்கும்.

இதன் மறுபாதியைக் காண ஊருக்குத் திரும்ப வேண்டும். மகனும் மகளும் ஆலைக்குச் சென்றுவிட்ட கிராமத்தில் முதியோர் தனித்திருக்கின்றனர். 2011இலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் பத்தில் ஒருவருக்கு மேல். விடுதிக் கட்டிலில் ஒருத்தி, ஊர்த் திண்ணையில் அவள் தாய்: ஒரு வேலைவாய்ப்பு இரண்டு தனிமைகளை உண்டாக்குகிறது.

ஆலை ஏன் மணமாகாதோரைத் தேடுகிறது

மணமாகாத இளம்பெண்களை ஊரிலிருந்து அழைத்துவந்து, விடுதியில் தங்கவைத்து, ஆலையில் பணியமர்த்தும் முறை தொழிற்புரட்சியின் பழைய அச்சு. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து லோவெல் நகரில் 1820கள் முதல் நெசவாலைகள் உழவர் வீட்டுப் பெண்களை இவ்வாறே சேர்த்தன. அவர்களுக்கென உணவு விடுதிகளையும், அவற்றை நடத்தப் பெரும்பாலும் கைம்பெண்களையும் அமர்த்தின. ஜப்பான் அரசு 1872இல் தொடங்கிய தோமியோகா பட்டாலையும் பெண்களுக்கான தங்கும் விடுதியோடே எழுந்தது.

தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் நூற்பாலைகள் இதே அச்சைச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கையாண்டன. 1990களின் பிற்பகுதி முதல் பரவிய இத்திட்டத்தின்படி, மணமாகாத பெண் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் ஒரு மொத்தத் தொகை கிடைக்கும். அத்தொகை அவளது திருமணத்திற்கு என்றே சொல்லப்பட்டது. பெயர் சுமங்கலி, சேர்வதற்குத் தகுதியோ மணமாகாதிருத்தல். திருமணத்தைக் காட்டி அழைத்து, திருமணம் ஆகாதிருக்கும் வரை மட்டுமே வைத்துக்கொண்ட இம்முறை தொழிலாளர் அமைப்புகளாலும் நீதிமன்றங்களிலும் கடுங்கண்டனத்திற்குள்ளானது.

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் நூலுக்குப் பதிலாக மின்னணுக் கருவி வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை திருப்பெரும்புதூரில் தொடங்கியபோது அதன் தொழிலாளரில் பெரும்பாலோர் இளம்பெண்களாக இருந்தனர். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. பின்னர் ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்களின் வளர்ச்சியால் பெண்களின் எண்ணிக்கை பல மடங்காயிற்று. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பதை நாடு அப்போதுதான் கேட்டது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், திருமணமான பெண்கள் கைப்பேசி இணைப்புப் பணிகளில் சேர்க்கப்படாமல் விலக்கப்படுவதாக விரிவான செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்து, புதிதாகச் சேர்க்கப்பட்டோரில் கால் பங்கினர் மணமானவர்கள் என்றது. நடுவணரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். இடுக்கமான தனியார் விடுதிகளோடு ஒப்பிட, இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கு நிகரான பெண்கள் கணவனோ குழந்தையோ இன்றி வாழும்படி அமைந்த ஒரு குடியிருப்பு என்பதும் உண்மையே.

இதற்கு ஓர் எதிர்ச்சான்றும் மறைமலை நகரிலேயே இருந்தது. 1990களில் இங்கு வந்த ஃபோர்டு கார் ஆலையில் நிரந்தரப் பணி பெற்றவர்கள் மணமுடித்து, வங்கிக் கடனில் வீடு கட்டி, பிள்ளைகளை அருகிலேயே படிக்கவைத்தார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்து, 2022இல் இங்கே உற்பத்தி நின்றபோது ஆட்டங்கண்டவை குடும்பங்கள். ஒப்பந்தப் பணி அடிக்கடி விடுதியறையைக் காலி செய்யும். நிரந்தரப் பணி வீடு கட்டும். எனவே மணவாழ்வு தள்ளிப்போவதற்கு இளைஞரின் மனப்போக்கை மட்டும் காரணங்காட்டுவது அரைகுறை ஆய்வாகும். எந்தப் பணிக்கு எவ்வளவு காலம் உறுதி, எந்தக் கூரைக்கு யார் தகுதி என்பன முடிவான பிறகே அவர்கள் மனம் முடிவெடுக்கிறது.

கெய்ரோவின் நூலும் மணவிலக்கும்

இனி நம் நாகரிகத்தின் பழைய நகரம் ஒன்றுக்குச் செல்வோம். 13 முதல் 15 வரையிலான நூற்றாண்டுகளில் மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்த கெய்ரோ, டமாஸ்கஸ் நகரங்களின் மணவாழ்க்கையை வரலாற்றாசிரியர் யோசெஃப் ராப்பபோர்ட் ஆராய்ந்து 2005இல் நூலாக வெளியிட்டார். ஃபத்வாத் தொகுப்புகள், வரலாற்றுக் குறிப்புகள், வாழ்க்கை வரலாற்று அகராதிகள் ஆகியவற்றிலிருந்து அவர் திரட்டிய சித்திரம், 'அக்காலத்துக் குடும்பம் அசையாத கோட்டை' என்ற நம் எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது.

மணவிலக்கு அந்நகரங்களில் அன்றாட நிகழ்ச்சி. 15ஆம் நூற்றாண்டின் அறிஞர் அஸ்ஸகாவீ தம் பெரிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் இறுதித் தொகுதியை முழுவதும் பெண்களுக்கே ஒதுக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் மணவாழ்க்கை பற்றிய குறிப்புள்ளோரில் மூன்றில் ஒரு பங்கினராவது ஒருமுறைக்கு மேல் மணந்தவர்கள் என ராப்பபோர்ட் கணிக்கிறார். ஆக, எந்த ஒரு காலத்திலும் அந்நகரங்களில் கணவனின்றி வாழும் பெண்கள் கணிசமாக இருந்தனர்.

அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்? நூல் நூற்றும், துணியில் பூவேலை செய்தும் ஈட்டிய கூலியால். அக்காலக் கெய்ரோவின் பெருந்தொழில் துணி. நூற்பு பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. கூலி கிடைத்ததால் பொருந்தாத மணத்திலிருந்து விலகவும், விலகிய பின் பட்டினியின்றி வாழவும் பெண்களுக்கு இயன்றது என்பது ராப்பபோர்ட்டின் வாதம். கொங்கு நாட்டு நூற்பாலைப் பெண்ணையும் திருப்பெரும்புதூர்க் கைப்பேசி ஆலைப் பெண்ணையும் அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. கூலி பெறும் பெண் தன் மணத்தைப் பற்றித் தானே பேசத் தொடங்குகிறாள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பும் அவ்வாறே பேசினாள்.

ரிபாத்துல் பக்தாதிய்யா

வேறுபாடு, அவள் தங்கிய இடத்தில் இருந்தது. ஹிஜ்ரி 684இல், அதாவது 1285இல், சுல்தான் அஸ்ஸாஹிர் பைபர்ஸின் மகள் தித்கார்பாய் காத்தூன் கெய்ரோவில் பெண்களுக்கென ஓர் இல்லம் கட்டினார். ஸைனப் பின்த் அபில் பரக்காத் என்னும் பக்தாது நகரத்து ஞானப்பெண்மணிக்காகக் கட்டப்பட்டதால் அது ரிபாத்துல் பக்தாதிய்யா எனப் பெயர் பெற்றது. எல்லைக் காவல் வீரர் தங்குமிடத்தைக் குறித்த 'ரிபாத்' என்ற சொல் அதற்குள் இறையடியார் தங்கும் இல்லத்தையும் குறிக்கத் தொடங்கியிருந்தது.

வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ இவ்வில்லத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மணவிலக்குப் பெற்றவர்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும், மீண்டும் மணமுடிக்கும் வரையோ கணவரிடம் திரும்பும் வரையோ இங்கே தங்கினர். ஒழுங்கு கண்டிப்பாகக் காக்கப்பட்டது. வழிபாட்டில் தவறியோர் கண்டிக்கப்பட்டனர். ஆலிமா ஒருவர் இல்லத்தை நடத்தி, தங்கியிருந்த பெண்களுக்கு உபதேசமும் மார்க்கச் சட்டமும் கற்பித்தார். இப்பொறுப்பை வகித்தவர்களுள் புகழ்மிக்கவர் ஹன்பலீ சட்ட அறிஞர் ஃபாத்திமா பின்த் அப்பாஸ் (மறைவு ஹிஜ்ரி 714). இப்னு தைமிய்யாவே அவரது அறிவைப் புகழ்ந்தார். ஹிஜ்ரி 806ஆம் ஆண்டுத் துன்பக் காலத்திற்குப் பின் இல்லத்தின் நிலை சீர்கெட்டதையும் மக்ரீஸீ மறைக்கவில்லை.

இந்த இல்லத்தை இலட்சிய உலகமாகக் காட்டுவது நமது எண்ணமன்று. அதன் கண்டிப்பு இன்றைய பெண்ணுக்கு மூச்சுமுட்டலாம். ஆயினும் அதன் அமைப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, தனித்திருக்கும் பெண்ணை அந்நகரம் இழுக்காகக் கருதி ஒதுக்கவில்லை; எதிர்பார்க்கத்தக்க ஒரு நிலையாக ஏற்றது. இரண்டாவது, அவளுக்குக் கூரை தந்தது அவளை வேலைக்கு வைத்தவர் அல்லர், வக்ஃபு. ஆகவே அவள் கூலி நின்றாலும் கூரை நிற்கவில்லை. மூன்றாவது, அவ்வில்லத்தின் கதவு மணவாழ்வை நோக்கித் திறந்திருந்தது. மணமுடித்தல் அங்கே வெளியேற்றமாகக் கருதப்படாமல் நிறைவாகக் கருதப்பட்டது. தொழிற்சாலை விடுதியிலோ வேலையும் கட்டிலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பணி போனால் கட்டில் போகும். மணமானால் இரண்டும் போகக்கூடும்.

'அய்யிம்' என்ற சொல்

இந்த ஏற்பு எங்கிருந்து வந்தது? மார்க்கத்தில் மணவாழ்வே பொதுநெறி என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சூரத்துந் நூரின் 32ஆம் வசனம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மணமற்றோர்க்கு மணம் முடித்துவைக்கும் கடமையை அது சமுதாயத்தின்மேல் சுமத்துகிறது. அங்கே வரும் 'அயாமா' என்ற பன்மைச் சொல்லின் ஒருமை 'அய்யிம்'. துணையில்லாத எவரையும் அது குறிக்கும்: ஆணையும் பெண்ணையும், மணமே ஆகாதவரையும், துணையை இழந்தவரையும், மணவிலக்குப் பெற்றவரையும். நம் வழக்கில் குமர், விதவை, தலாக் ஆனவள் என்று தரம்பிரித்து மதிப்பிடும் நிலைகளை அச்சொல் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அடுத்த வசனமோ மணமுடிக்க வசதியற்றோர் கற்புடன் பொறுத்திருக்கும் நிலையை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

அறிஞர் வரலாறும் இதற்கு அரண். தஃப்ஸீர் மேதையும் வரலாற்றாசிரியருமான அத்தபரீ (மறைவு 923), மொழியியல் பேரறிஞர் அஸ்ஸமக்ஷரீ (1144), ஹதீஸ் கலை வல்லுநர் இமாம் நவவீ (1277), இப்னு தைமிய்யா (1328) ஆகிய நால்வருமே மணமுடிக்காமல் வாழ்ந்து மறைந்தவர்கள். மக்காவில் ஸஹீஹுல் புகாரியை அறிவித்துப் பெரும் புகழ் பெற்ற கரீமா அல்மர்வஸிய்யா என்னும் அம்மையாரும் மணமுடிக்காதவரே. சிரியா நாட்டு அறிஞர் அப்துல் ஃபத்தாஹ் அபூ குத்தா இத்தகைய உலமாக்களின் வரலாற்றைத் தனி நூலாகவே தொகுத்தார். மணவாழ்வைப் பொதுநெறியாகப் போற்றிய சமுதாயம் விதிவிலக்கானோரை இழிவுபடுத்தவில்லை என்பதற்கு இவர்கள் சாட்சிகள்.

இஸ்தான்புல்லின் பிணைதாரர்

எல்லா முஸ்லிம் நகரங்களும் கெய்ரோவைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உஸ்மானிய இஸ்தான்புல்லுக்கு அனத்தோலியாவிலிருந்தும் பால்கனிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஆண்கள் 'பெக்கார் ஓதாலரி' எனப்பட்ட தனியாள் அறைகளில் தங்கினர். படகோட்டிகள், சுமைதூக்கிகள், குளியலகப் பணியாளர் ஆகியோர் அவர்களில் பலர். அரசு இவர்களை ஐயத்தோடே பார்த்தது. நகரில் தங்குவதற்குப் பிணைதாரர் தேவைப்பட்டார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் சலீம் காலத்தில் இவ்வறைகள் சோதனையிடப்பட்டு, தங்கியிருந்தோர் பெயரும் பிணையும் பதிவு செய்யப்பட்டன. பிணையற்றோர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வீட்டு உரிமையாளர் ஆதார் நகலும் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரும் கேட்கும் இன்றைய நடைமுறையின் முன்னோடி அது.

அதே நகரின் குடும்பங்களை ஆராய்ந்த ஆலன் டூபன், ஜெம் பெஹார் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூல் மற்றொரு செய்தியைத் தருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல் முஸ்லிம் ஆண்கள் ஏறத்தாழ 30 வயதில்தான் மணமுடித்தனர். சராசரிக் குடும்பம் நால்வரைச் சற்றே கடந்தது. காலந்தாழ்ந்த மணமும் சிறு குடும்பமும் மேலை நாட்டின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சபுராளிகளின் வீடு

தமிழ் முஸ்லிம்களின் வரலாறும் தனித்து வாழ்ந்தோரின் வரலாறே. இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து வணிகம் செய்த நம் முன்னோரை ஊர் 'சபுராளி' என்றது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து சில மாதங்கள் இருந்து திரும்பும் அவர்கள், அக்கரையில் கடைகளின் மாடியிலும் பின்கட்டிலும் கூட்டாகத் தங்கி, முறை வைத்துச் சமைத்து உண்டார்கள். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகள் அதே வாழ்வைப் பல மடங்காக்கின.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மணமகன் மணமகள் வீட்டில் குடியேறுவது மரபு. வீடு பெண்மக்களுக்கே தரப்பட்டது. ஆதலால் கணவன் ரங்கூனில் இருந்தபோதும் மனைவி தாயோடும் தமக்கை தங்கையரோடும் தன் வீட்டிலேயே இருந்தாள். ஆண் தனித்திருந்தான், வீடு தனித்திருக்கவில்லை. அந்த ஆணும் மணமானவன்; அவன் பெயர் ஊர் ஜமாஅத்தின் ஏட்டில் இருந்தது. அவன் அக்கரையில் இறந்தாலும் இக்கரையில் அவனுக்காக யாஸீன் ஓத ஒரு வீடு இருந்தது.

இன்றைய தொழில் வட்டாரத்தில் தனித்திருப்போருக்கு இந்த இரண்டாம் பாதி இல்லை. சபுராளி மணமுடித்த பின் பிரிந்தான். இவர்கள் மணமுடிக்கும் முன்பே பிரிகிறார்கள், பிரிந்த இடத்திலேயே வயது கடக்கிறார்கள்.

தலைக்கட்டுக்குள் யார்?

இங்கே நம் சமுதாய அமைப்பின் நுட்பமான இடர் ஒன்று வெளிப்படுகிறது. நம் ஊர்களில் பலவற்றில் ஜமாஅத்தின் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரி அவர் பெயரில், நார்சா அவர் பெயரில், கூட்டத்தில் பேசும் உரிமையும் அவர் பெயரில். வெளியூரில் நிக்காஹ் என்றால் ஊர் ஜமாஅத்தின் தடையில்லாக் கடிதம் அவருடைய பதிவை வைத்தே தரப்படுகிறது. மையவாடியில் ஆறடி நிலமும் அப்பதிவோடு சேர்ந்தே வருகிறது. மணமாகாதவர் தந்தையின் தலைக்கட்டுக்குள் அடங்குவார். கைம்பெண்ணுக்கும் தலாக் ஆனவளுக்கும் பல இடங்களில் தனிப் பதிவே இல்லை.

ஊர் ஊராகவே இருந்தவரை இம்முறை போதுமானதாக இருந்தது. மறைமலை நகரில் அறையெடுத்துத் தங்கும் திருவாரூர் இளைஞர், திருப்பெரும்புதூர் விடுதியில் இருக்கும் வேலூர்ப் பெண், ஒரகடத்தில் ஒப்பந்தப் பணி செய்யும் அஸ்ஸாம் முஸ்லிம் ஆகியோர் எந்த மஹல்லாவின் கணக்கில் வருகிறார்கள்? வெள்ளிக்கிழமை ஜுமுஆவில் வரிசையில் நிற்கும் அவர்கள், தொழுகை முடிந்து கலைந்ததும் எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள். அவர்களுள் ஒருவருக்கு மணம் பேச எந்த ஜமாஅத் சாட்சி சொல்லும்? நோயுற்றால் விடுதிக்கு யார் செல்வார்? இரவுப் பணியிலிருந்து திரும்பும் வழியில் விபத்தில் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு ஜனாஸாத் தொழவைக்கும் பொறுப்பு யாருடையது? ஜனாஸா சமுதாயத்தின் கூட்டுக் கடமை, ஃபர்ளு கிஃபாயா என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. கூட்டுக் கடமையை நிறைவேற்ற, அக்கூட்டம் முதலில் தன் உறுப்பினரை அறிந்திருக்க வேண்டும்.

மணம் தள்ளிப்போவதில் நம் பங்கையும் மறைக்கலாகாது. குமரைக் கரைசேர்க்கத் தந்தை படும் பாடும், மஹரை மறந்து கைக்கூலியை நினைக்கும் வழக்கமும் எத்தனையோ பெண்களை ஆலை வாசலுக்கு அனுப்பின. தன் திருமணத்திற்குத் தானே சேர்க்கச் செல்லும் மகள், சேர்த்து முடிக்கும்போது 'வயது கடந்துவிட்டது' என்ற சொல்லைக் கேட்கிறாள். இதற்கும் மேலை நாட்டுக்கும் என்ன தொடர்பு?

மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆலைக்குச் சென்ற பெண்கள் பலர் தம் கூலியால் தம்பி தங்கையரைப் படிக்கவைத்தார்கள், குழந்தைமணத்திலிருந்து தப்பினார்கள், பொருந்தாத வரனை மறுக்கும் துணிவு பெற்றார்கள். அவர்களை ஊருக்குத் திருப்பியழைப்பது தீர்வாகாது. நூல் நூற்ற கெய்ரோப் பெண்களை வீட்டுக்குள் அடைக்க அந்நகரத்து ஆலிம்கள் சிலர் விரும்பியிருக்கலாம். அந்நகரத்து அரசியார் மகளோ அவர்களுக்கு ஒரு வீடு கட்டினார்.

ரிபாத்தின் பாடம்

வரலாறு நேரடியான கட்டளைகளைத் தருவதில்லை. கேள்வியைத் திருத்தித் தரும். 'இவர்கள் ஏன் மணமுடிப்பதில்லை?' என்று நாம் கேட்டுவந்தோம். 'மணமுடிக்கும் வரை இவர்கள் யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள்?' என்பதே ரிபாத்துல் பக்தாதிய்யா நம் முன் வைக்கும் கேள்வி. இன்றைய விடை எளிது: ஒப்பந்தக்காரரின் பொறுப்பில்.

இந்த விடையை மாற்றப் பெரும்பொருள் தேவையில்லை. தொழில் வட்டாரத்துப் பள்ளிவாசல்கள் தலைக்கட்டு ஏட்டின் பக்கத்தில் தனியாட்களுக்கென ஓர் ஏடு திறக்கலாம். ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் என்று பாராமல் பெயரும் ஊரும் அங்கே பதியப்படலாம். சொந்த ஊர் ஜமாஅத்துக்கும் இவ்வூர் ஜமாஅத்துக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தால் நிக்காஹ் பேச்சும் எளிதாகும், ஜனாஸாவும் அநாதையாகாது. கூலியோடு பிணைக்கப்படாத கூரை ஒன்றை, சிறிய அளவிலேனும், பெண்களுக்கு அமைப்பது வக்ஃபுச் சொத்துடைய ஊர்களுக்கு இயலாத காரியமன்று. அதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் வரலாற்றிலேயே அது 1285ஆம் ஆண்டில் கட்டப்பட்டு நின்றது.

கெய்ரோவில் கணவனின்றி நூல் நூற்றவள் இரவில் எங்கே தங்கினாள் என்பதை மக்ரீஸீயின் ஏடு இன்றும் சொல்கிறது. வல்லம் சாலையில் பணிமாற்றப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பெண்ணின் பெயர், நமது ஏட்டில் இன்னும் எழுதப்படவில்லை.